நேற்றைய ரொட்டி

மூன்று கிளை அலுவலகங்களை மூடினோம்,
சீர்திருத்தம் என்று அதற்குப் பெயர் வைத்தோம்.
'தோம்' என்பதில் நானும் அடக்கம்;
தீர்மானத்தைத் தட்டச்சு செய்தவள் நான்.
இனி எல்லாம் இணையத்தில்,
நள்ளிரவிலும் திறந்திருக்கும்,
வரிசையில் நிற்க வேண்டாம்.

வரிசை உண்மையிலேயே ஒழிந்தது.
எட்டு மாதத்தில் மலைமேலிருந்து
ஒரே ஒரு விண்ணப்பம்,
அதுவும் விசைப்பலகைமேல்
பூனை நடந்ததுபோல.

காலிசியாவின் இந்த மூலையில்
பதினொரு குக்கிராமங்கள், நாற்பத்தொரு பேர்.
இருப்பவர்களில் இளையவர் ஃப்ரொய்லான், வயது அறுபத்தெட்டு.
'பையா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்,
ஏணி பிடிக்க அவரைத்தான் ஏவுகிறார்கள்.
பேருந்து வியாழன் மட்டும்.
மழை பெய்தால் வியாழனும் இல்லை.
இங்கே மழை பெய்யாத வியாழன் எது?

ஆனால் ரொட்டி வண்டி தினமும் ஏறுகிறது.
பெனிக்னோ வளைவில் இரண்டு தடவை ஹார்ன் அடிப்பான்.
கதவுக் குமிழில் துணிப்பை, பைக்குள் சில்லறை.
சில்லறையை எடுத்துக்கொண்டு
ரொட்டியைப் போட்டுவிட்டுப் போவான்.
இருபத்தாறு வருடக் கணக்கு,
ஒரு தாளிலும் இல்லை.

மன்றக் கூட்டத்தில் கேட்டேன்:
அந்த வண்டியில் முன்சீட் காலிதானே?
எந்தத் தலைப்பில் செலவெழுதுவது, என்றார் கணக்கர்.
போக்குவரத்து, என்றேன்.
பசி என்று எழுது, என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

அப்படித்தான் அரசாங்கம்
மாவு வாசனையோடு மலையேறியது.
மடியில் கணினி,
சிக்னல் செத்த இடங்களுக்குக் கார்பன் தாள்,
காலுக்கிடையில் முத்திரைப் பெட்டி.
குடிநீர் வரி, சக்கர நாற்காலி மனு,
பன்னிரண்டு வருடம் முன் இறந்த கணவன் பேரில்
இன்னும் வந்துகொண்டிருக்கும் குப்பைக் கட்டணம்.

ஒப்துலியாவுக்கு வேண்டியது உயிர்ச்சான்று.
சூரிச்சில் முப்பத்தொரு வருடம்
ஓட்டல் படுக்கைவிரிப்புகளை வெளுத்தவள்.
ஓய்வூதியம் அங்கிருந்து வர
இங்கிருந்து ஆண்டுக்கொரு காகிதம் போக வேண்டும்:
மேற்படி நபர் உயிருடன் இருக்கிறார், என் முன்னிலையில்.
நன்றாகப் பார்த்துக்கொள், என்பாள்.
மூச்சு விட்டுக் காட்டட்டுமா?

இந்த நவம்பரில், அவள் முறை வருவதற்கு
ஒரு வாரம் முன்பு,
பெனிக்னோ ஹார்ன் அடித்துவிட்டு இறங்கி
பைக்குள் கைவிட்டவன் அப்படியே நின்றான்.
"நேத்து போட்டது இருக்கு."
வேறொன்றும் சொல்லவில்லை.
கதவைத் தோளால் இடித்தான்.

அடுப்படித் தரையில் கிடந்தாள்.
இடுப்பெலும்பு. ஒரு பகல், ஒன்றரை இரவு.
ஆம்புலன்ஸ் ஐம்பது நிமிடத்தில் வரும் என்றார்கள்.
தண்ணீர் கேட்பாள் என்று நினைத்தேன்.
"படிவம் இழுப்பறையில்.
இப்பவே குத்திடு.
வழியில எனக்கு ஏதாவது ஆச்சுன்னா
அவங்களுக்கு லாபம்."
ரொட்டித் தட்டைக் கவிழ்த்து, மண்டியிட்டு,
தேதியும் நேரமும் போட்டுக் குத்தினேன்.
கை நடுங்கியது, என் கை.

அதற்குப் பிறகு பதிவேட்டில்
பென்சிலால் ஒரு கட்டம் சேர்த்தேன்.
மென்பொருளில் அதற்கு இடமில்லை.
நேற்றைய ரொட்டி: எடுத்தாயிற்றா?
மாகாணத் தணிக்கையாளர் வந்து
கட்டத்தின்மேல் விரல் வைத்து,
இது எந்தச் சேவை, என்று கேட்டார்.
பெனிக்னோ அவருக்கு ஒரு ரொட்டி கொடுத்தான்.
காசு வாங்கினான்.

ஜனவரியில் சூரிச்சிலிருந்து கடிதம்:
முத்திரை தெளிவாக இல்லை,
வெள்ளையாக ஏதோ படிந்துள்ளது,
புதிதாகச் சான்றளித்து அனுப்பவும்.
மருத்துவமனையில் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.
"இன்னொரு தடவை உயிரோட இருக்கணும்,
அவ்வளவுதானே," என்று
நடைச்சட்டத்தை என் பக்கம் திருப்பினாள்.

முத்திரைப் பெட்டி வண்டியிலேயே இருந்துவிட்டது.
ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு
இருவரும் ஹார்ன் சத்தத்துக்குக் காத்திருந்தோம்.